கடைமடை நீர்

வெள்ளகோவிற் பகுதி மழை குறைந்த மேட்டுநிலம் என்பதும், கொறங்காட்டு மேய்ச்சலும் கிணற்று நீருமே நெடுங்காலம் நம் முன்னோர்க்கு வாழ்வளித்தன என்பதும் நம்மவர் நன்கறிவர். இந்நிலத்திற்கு ஆற்றுநீர் வந்த வரலாற்றையும், வந்த நீரை அளந்து காக்கும் கடமையையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஆனைமலையில் தோன்றி மேற்கே ஓடும் ஆறுகளை அணைகளால் தடுத்துக் கிழக்கே திருப்புவதே பரம்பிக்குளம் ஆழியாறு திட்டமாம். 1961-ஆம் ஆண்டில் நேரு பெருமகனார் இதற்கு அடிக்கல் நாட்டினார். சர்க்கார்பதியினின்று 49 கிலோமீட்டர் நீளமுள்ள காண்டூர்க் கால்வாய் மலைச்சாரலை ஒட்டி வந்து திருமூர்த்தி அணையில் நீரைச் சேர்க்கின்றது. அங்குநின்று புறப்படும் பிரதானக் கால்வாய் 120 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றது. அதன் கடைப்பகுதியில் அமைந்ததே நம் வெள்ளகோவில்.

இத்திட்டம் அளவையினாலேயே நிலைபெற்றது. 1970 மே 29-இல் தமிழகமும் கேரளமும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, மணக்கடவில் ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி., அதாவது 725 கோடி கன அடி நீர் கேரளத்திற்கு உரியது. ஜூலை முதல் ஜூன் வரை ஓராண்டாகக் கொண்டு அந்நீர் கணக்கிடப்படுகின்றது. மாநில எல்லையில் இத்துணைச் செம்மையாக அளக்கும் நாம், நம் வாய்க்காலில் அங்ஙனம் அளக்கின்றோமா?

திருமூர்த்தி அணையின் பாசனப் பரப்பு விரிந்து 3.77 இலட்சம் ஏக்கராயிற்று. ஆதலின் நிலம் நான்கு மண்டலங்களாக வகுக்கப்பட்டு, ஒவ்வொரு மண்டலமும் இரண்டாண்டுக்கு ஒருமுறையே நீர் பெறுகின்றது. அம்முறையிலும் தமக்குரிய அளவு வந்து சேர்வதில்லை என்றும், இடைவழியில் நீர் முறையின்றி எடுக்கப்படுகின்றது என்றும் கடைமடை உழவர் பன்முறை முறையிட்டுள்ளனர். மேல்மடையில் இருப்பாரும் நம் உறவினர். கடைமடையில் வாடுவாரும் நம் உறவினரே. பிறன் வயலுக்குரிய நீரைக் குழாயிட்டு உறிஞ்சுவது, அவன் களத்து நெல்லை அள்ளுவதனோடு ஒக்கும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவானியாற்றை நொய்யலோடு இணைத்த காலிங்கராயரை நாம் பெருமையுடன் போற்றுகின்றோம். தம் நலத்திற்காகவே வாய்க்கால் வெட்டினார் என்னும் பழி நேராதிருக்க, அவர் தம் சுற்றத்தோடு அந்நீரைத் துறந்து பொள்ளாச்சிப் பக்கத்து ஊற்றுக்குளிக்குக் குடிபெயர்ந்தார் என்பது செவிவழிச் செய்தி. அவர் பெயரைப் பாடும் நாம் அவர் நெறியையும் கைக்கொள்ள வேண்டாவோ?

2000-ஆம் ஆண்டின் சட்டம் பாசன மேலாண்மையில் உழவர் சங்கங்கட்கு உரிமை அளித்துள்ளது. ஒவ்வொரு கிளைவாய்க்கால் தலைப்பிலும் அளவுகோல் நாட்டி, திறந்த நீரையும் சேர்ந்த நீரையும் நாடோறும் பலகையில் எழுதி யாவரும் காண வைத்தல் அச்சங்கங்களின் முதற் கடமையாதல் வேண்டும். கணக்கு வெளிப்பட்டால் ஐயம் அகலும். ஐயம் அகன்றால் பகையும் ஒழியும். நம் குலத்து இளைஞர் இப்பணியில் முன்னிற்பாராக.