குப்புறக் கிடத்திய பிள்ளைகள்

பிள்ளையை எப்படிக் கிடத்துவது என்பதற்கெல்லாம் வரலாறு இருக்குமா எண்டு நாங்களும் முதலில் சிரித்தோம். இருக்கிறது. அதில் ஆயிரக்கணக்கான சாவுகளும் இருக்கின்றன.

1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பற்றிக் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து, நுரையீரல் முதிராததால் இரண்டு நாள்கூட முழுசாக வாழவில்லை. 1971 இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜோர்ஜ் கிரெகரி என்ற வைத்தியர், இப்படிப்பட்ட 20 பிள்ளைகளுக்கு மூச்சு விடும்போதும் நுரையீரல் ஒட்டிப்போகாதபடி தொடர்ந்து மெல்லிய காற்றழுத்தம் கொடுத்தார். 16 பேர் தப்பினார்கள்.

பிள்ளைகள் தப்பத் தொடங்கியதும் அவர்களை எந்தப் பக்கம் கிடத்துவது என்ற கேள்வியும் வந்தது. குறைமாதப் பிள்ளையின் விலாக்கூடு இளசு. மூச்சை இழுத்தால் நெஞ்சே உள்ளே போகும். குப்புறக் கிடத்தினால் மெத்தை நெஞ்சுக்கு முண்டு கொடுக்கும், இதயத்தின் பாரமும் நுரையீரலில் குறைவாக இருக்கும். குருதியில் ஒட்சிசன் கூடுவதை 1970களின் ஆய்வுகள் காட்டின. சரியான வேலைதான்.

ஆனால் வீடுகளில் நடந்தது வேறு. வைத்தியர் பெஞ்சமின் ஸ்பொக்கின் குழந்தை வளர்ப்புப் புத்தகத்தை வைத்திருக்காத அமெரிக்க வீடு குறைவு. அதன் 1958 பதிப்பு, சுகமான பிள்ளைகளையும் குப்புறக் கிடத்தச் சொன்னது: மல்லாக்கக் கிடந்து சத்தி எடுத்தால் புரைக்கேறுமாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. (ஸ்பொக் கெட்ட மனிதரில்லை, எங்களை உறுத்துவதே அதுதான்.) ஆஸ்பத்திரியில் தாதிமார் குப்புறக் கிடத்துவதைப் பார்த்த தாய்மாரும் வீட்டில் அதையே செய்தார்கள். ஒரு நோயும் இல்லாத பிள்ளைகள் தொட்டிலில் செத்துக் கிடந்தார்கள். கனக்கத் தாய்மார் தங்களையே குற்றம் சொல்லிக்கொண்டு வாழ்ந்தார்கள்.

1991 இல் பிரித்தானியாவிலும் 1994 இல் அமெரிக்காவிலும் 'மல்லாக்கக் கிடத்துங்கள்' என்ற பிரசாரம் தொடங்கியது. அமெரிக்காவில் பத்து வருடத்துக்குள் அந்தச் சாவுகள் பாதியளவுக்குக் குறைந்தன. குப்புறக் கிடத்துவதன் ஆபத்துக்கு 1970 அளவிலேயே சான்று இருந்ததென்று 2005 இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. அதை அப்போதே தொகுத்துப் பார்த்திருந்தால் பிரித்தானியாவில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் தப்பியிருக்கலாம் என்பது அதன் கணக்கு.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்றைக்கும் குப்புறக் கிடத்துகிறார்கள். அங்கே மூச்சையும் இதயத் துடிப்பையும் ஒரு கருவி விடாமல் பார்க்கும். எச்சரிக்கை அடித்தால் தாதி ஓடி வருவார். வீட்டுத் தொட்டிலில் அது இல்லை. அதனால்தான் மூச்சு சீரானதும், துண்டு வெட்டுவதற்குக் கன நாளுக்கு முதலே பிள்ளையை மல்லாக்கத் திருப்பிவிடச் சொல்கிறார்கள். அம்மா அதைப் பார்த்துப் பழகவேண்டும்.