கோத்தகிரி: சாலை விலகிப்போன ஊர்

கோடை சீசனில் மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டிக்குப் போகிற வண்டிகளைக் காவல்துறை குன்னூர் பாதையில் ஏற்றிவிடும். திரும்பும்போது கோத்தகிரி பாதையில் இறக்கிவிடும். நெரிசலைச் சமாளிக்கக் கோடைதோறும் செய்கிற ஏற்பாடு இது. அதனால் இந்த வழியில் வருகிறவர்களில் பெரும்பாலானோர் கோத்தகிரியைப் பார்ப்பதே வீடு திரும்பும் அவசரத்தில்தான், அதுவும் ஜன்னல் வழியாக. இறங்கித் தங்குகிற சிலர் ஊரின் அமைதியைப் புகழ்கிறார்கள். தேயிலைச் சரிவையும் பனிமூட்டத்தையும் போல அந்த அமைதியையும் இயற்கை கொடுத்த வரமாக நினைத்துக்கொள்கிறார்கள். அது முழு உண்மை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாலை எங்கே போக வேண்டும், அலுவலகம் எங்கே அமைய வேண்டும், ரயில் எங்கே ஏற வேண்டும் என்று யார் யாரோ எடுத்த முடிவுகளின் விளைவு அது. இந்த வரலாறு தெரியாமல் கோத்தகிரியின் அமைதியைக் காப்பாற்றுவது பற்றிப் பேசினால் அந்தப் பேச்சு பாதியிலேயே நின்றுவிடும்.

நீலகிரியில் ஆங்கிலேயர் முதலில் குடியேறிய பகுதி ஊட்டி இல்லை, கோத்தகிரி. 1812-இல் வில்லியம் கீஸ் என்ற நில அளவையாளர் மலையேறி ஒரு அறிக்கை கொடுத்தார். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1818-இல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு இளம் அதிகாரிகள் ஏறிவிட்டு வந்து, மேலே குளிர்ந்த பீடபூமி இருக்கிறது என்று சொன்னார்கள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819 ஜனவரியில் தானே ஏறிப் பார்த்தார். அதே ஆண்டு மறுபடியும் போனபோது, உடல்நலம் கெட்டிருந்த லெஷெனோ என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளரும் உடன் போய் மலைக்காற்றில் தேறினார். மலைக்குப் போனால் நோய் தீரும் என்ற நம்பிக்கை பரவ இதுவும் ஒரு காரணம். சல்லிவன் தங்கியது கோத்தகிரியை ஒட்டிய திம்பட்டிப் பகுதியில். கன்னேரிமுக்கில் அவர் கட்டிய வீட்டை ஊர்க்காரர்கள் பெத்தக்கல் பங்களா என்பார்கள். நெடுங்காலம் இடிந்து கிடந்த அது, சீரமைக்கப்பட்டு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. மக்பெர்சன் என்ற ராணுவ அதிகாரியின் மேற்பார்வையில் 1821 முதல் 1823 வரை சிறுமுகையிலிருந்து மலைக்குப் பாதை வெட்டினார்கள். அந்தப் பாதையும் கோத்தகிரிக்குத்தான் ஏறியது. கோயம்புத்தூர்ச் சமவெளியிலிருந்து ஏறுகிறவர்களுக்கு அப்போது நீலகிரியின் வாசல் கோத்தகிரியே.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது சல்லிவன் மலையைக் 'கண்டுபிடித்தார்' என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது. அவர் வந்தபோது அங்கே ஆளரவமற்ற காடு மட்டும் இருக்கவில்லை. ஒரு முழுப் பொருளாதாரமே நடந்துகொண்டிருந்தது. நீலகிரியில் கோத்தர் என்ற பழங்குடியினருக்கு ஏழு ஊர்கள். அவற்றில் ஒன்று கோத்தகிரியிலேயே இருக்கிறது. இரும்பு அடிப்பது, மரம் இழைப்பது ஆண்கள் வேலை. மண்ணைப் பிசைந்து பானை வனைவது பெண்கள் வேலை. அக்கம்பக்கத்து உழவர்களான படுகர் நிலத்தில் கொத்துகிற கருவி கோத்தர் உலைக்களத்தில் அடித்தது. படுகர் அடுப்பில் ஏறிய சட்டியும் கோத்தர் வீட்டில் வனைந்தது. சாவு வீட்டில் 'கொள்' என்ற குழலை ஊதிப் பறை முழக்க வேண்டியவர்களும் கோத்தர்களே. பதிலுக்குப் படுகரிடமிருந்து தானியம் வந்தது, தோடரிடமிருந்து எருமையும் நெய்யும், குறும்பரிடமிருந்து தேனும் காட்டுப் பொருள்களும் வந்தன. எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பதுவரை தலைமுறை தலைமுறையாக வரையறுத்திருந்தார்கள். இந்த ஏற்பாட்டில் ஏற்றத்தாழ்வு இல்லாமல் இல்லை. கைத்தொழில் செய்தவர்களைத் தாழ்வாகப் பார்க்கிற வழக்கம் மலையிலும் இருந்தது. ஆனாலும் உலைக்களச் சத்தமும் குழலோசையும் நிறைந்திருந்த ஊரைப் பற்றி, மனிதக் காலடி படாத அமைதி என்று எழுதிய பயணக் குறிப்புகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

கோத்தகிரி பின்னுக்குப் போனது சல்லிவன் காலத்திலேயே தொடங்கிவிட்டது. அகன்ற பள்ளத்தாக்கைப் பார்த்து அவர் ஊட்டிக்கு மாறினார். 1822-இல் அங்கே கல் வீடு கட்டத் தொடங்கினார். அடுத்து ஓடையை மறித்து ஏரி அமைத்தார். ஆனால் தீர்மானமான அடி விழுந்தது சென்னை ஆளுநர் லஷிங்டன் காலத்தில். 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கு நேர்ப்பாதை போடப்பட்டதும், கோத்தகிரி பாதை பக்கவழியாகிப்போனது. 1850-களில் ராணுவக் குடியிருப்பு குன்னூரை அடுத்த வெலிங்டனில் எழுந்தது. 1870-இலிருந்து சென்னை மாகாண அரசு கோடைதோறும் ஊட்டிக்குக் குடிபெயர்ந்தது. கூடவே கோப்புகளும் குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் போனார்கள். மலை ரயில் 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் ஏறியது. கோத்தகிரிக்குத் தண்டவாளம் வரவேயில்லை. 1870-களில் மேட்டுப்பாளையம்-கோத்தகிரி சாலையைப் புதிதாகப் போட்டார்கள் என்றாலும், அதற்குள் மலையின் நடுவம் எது என்பது முடிவாகியிருந்தது.

சாலையும் ரயிலும்தான் காரணம் என்பதை மறுப்பவர்கள் நில அமைப்பைக் காட்டுவார்கள். ஊட்டியில் ஏரிக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் இடமிருந்தது. கோத்தகிரி முழுக்கச் சரிவு. பெரிய ஊர் அங்கே வளர வழியில்லை என்பது அவர்கள் வாதம். இதில் கொஞ்சம் உண்மை உண்டு, சல்லிவன் மாறியதே சமதளத்தைப் பார்த்துத்தான். ஆனால் இந்த வாதத்துக்குக் குன்னூர் பதில் சொல்லிவிடுகிறது. குன்னூரும் கோத்தகிரியும் ஏறக்குறைய ஒரே உயரம். கடல் மட்டத்திலிருந்து சுமார் ஆறாயிரம் அடி. குன்னூரும் சரிவில் தொங்குகிற ஊர்தான். அங்கேயும் ஏரி கிடையாது. அப்படியிருந்தும் அங்கே கடைவீதி, ரயில் நிலையம், பங்களாக்கள், விடுதிகள் என்று நெரிசல் வந்துவிட்டது. இரண்டு ஊருக்கும் இடையே இருந்த பெரிய வேறுபாடு சாலையும் ரயிலும்தான். தட்பவெப்பத்தைக் காரணம் சொன்னாலும் பொருந்தாது. தொட்டபெட்டா மலை மேற்கே நின்று தென்மேற்குப் பருவமழையின் வேகத்தைத் தடுப்பதால், ஊட்டி நனைந்து நடுங்குகிற மாதங்களில் கோத்தகிரி இதமாக இருக்கும். இதை ஆங்கிலேயரே அறிந்து எழுதியிருக்கிறார்கள். வானிலை மட்டும் தீர்மானித்திருந்தால் கோத்தகிரி முந்தியிருக்க வேண்டும்.

அரசாங்கம் விலகிப்போன இடத்தில் தோட்டம் வந்தது. சேலத்தில் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் கோத்தகிரியில் குடியேறினார். அவர் குடும்பம்தான் இப்பகுதியில் காபியைக் கொண்டுவந்தது. அவர் மனைவி பெயரால்தான் கேத்தரின் அருவி இன்றும் அழைக்கப்படுகிறது. மகள் மார்கரெட் 1863-இல் இங்கே தேயிலை பயிரிட்டார். நீலகிரிப் பறவைகளை அவர் வரைந்த ஓவியங்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. தோட்டத்துரைமார் பயிராக வந்த தேயிலை, இருபதாம் நூற்றாண்டில் உருளைக்கிழங்கு போட்டுவந்த படுகர் நிலங்களுக்குப் பரவியது. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்கள் கொழுந்து பறித்து ஆலைக்கு அனுப்பும் முறை அப்படித்தான் வளர்ந்தது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழர்களின் மறுவாழ்வுக்காக, 1968-இல் அரசே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. கோத்தகிரிப் பக்கமும் அவர்கள் குடியேறினார்கள். சுற்றுலாப் பயணிக்கு அசையாத பச்சைப் போர்வையாகத் தெரிகிற சரிவில், பெண்கள் விடிந்ததும் இறங்கி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி முதுகுப் பையில் போட்டு, பொழுது சாய்வதற்குள் எடைக்குக் கொண்டுவருகிறார்கள். பறித்த கொழுந்து தேங்கினால் சூடேறிக் கெட்டுவிடும். அன்றன்றைக்கே ஆலைக்குப் போயாக வேண்டும். இந்த ஊரின் அமைதி, உழைக்கிற ஊரின் அமைதி.

இங்கே ஒரு கடுமையான எதிர்வாதம் எழும்: 'அமைதி அமைதி என்று நீங்கள் கொண்டாடுவது எங்கள் புறக்கணிப்பைத்தானே? ஊட்டிக்காரருக்கு விடுதியும் வருமானமும்; எங்களுக்கு உங்கள் பாராட்டு மட்டுமா?' இது நியாயமான கேள்வி. பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை கேட்டு 2023-இல் இப்பகுதி விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். வெளியூர்க்காரர் ஓய்வுக்காக அவர்கள் ஏழையாகவே இருக்க வேண்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் ஊட்டியின் பாதை அவர்களுக்கு விடிவு தருமா என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இருக்கிறது. சீசன் வருமானத்தின் பெரும்பகுதி நிலத்தை வாங்கி விடுதி கட்ட முதல் உள்ளவர்களுக்கே போகிறது. நிலத்தை விற்றவர்கள் அங்கே சம்பளத்துக்குப் போகிறார்கள். சரிவை வெட்டிக் கட்டுவதன் ஆபத்தை 2009 நவம்பர் மழை காட்டிவிட்டது. நீலகிரியில் அப்போது சரிந்த மண்ணில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே முதல் நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயமாக்கியது; 2025 கோடையில் வார நாள்களுக்கு 6,000, வார இறுதிக்கு 8,000 வாகனங்கள் என்று வரம்பும் விதித்தது. இன்னொரு ஊட்டியைத் தாங்க இந்த மலைக்குச் சக்தியில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் வேண்டியதில்லை.

சல்லிவன் ஊட்டிக்கு மாறியபோதும், லஷிங்டன் சாலையைத் திருப்பியபோதும், ரயில் குன்னூர் வழியே ஏறியபோதும் கோத்தகிரியில் வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. இப்போது ஊட்டியில் இடமில்லாமல் வழிகிற கூட்டமும் விடுதிகளும் கோத்தகிரி நோக்கி வருகின்றன. இந்த முறையாவது படுகர் ஊர்களான அட்டிகளையும் கோத்தர் ஊரையும் தோட்டக் குடியிருப்புகளையும் கேட்டுவிட்டுத்தான் விடுதிக்கு அனுமதி தர வேண்டும். அதற்கும் முன்னால் கொழுந்துக்கு நியாயமான விலையை அரசு உறுதிசெய்ய வேண்டும். விலை இருந்தால்தான் சிறு விவசாயி நிலத்தை விற்காமல் இருப்பார். கோத்தகிரிக்குப் போகிறவர்கள் கன்னேரிமுக்கு பங்களாவைப் பார்த்துவிட்டு, சிறு விவசாயிகளின் கூட்டுறவு ஆலைத் தேயிலையைக் கேட்டு வாங்கி வாருங்கள்.