கற்பிக்கத் தெரியாத பேராசிரியர்: ஒரு நகைச்சுவைப் படமும் அமெரிக்கப் பள்ளி பேண்டுகளின் வரலாறும்

1962ஆம் ஆண்டு வெளிவந்த 'தி மியூசிக் மேன்' என்னும் அமெரிக்க இசை நகைச்சுவைப் படத்தின் கதை, அயோவா மாநிலத்தில் ரிவர் சிட்டி என்னும் கற்பனை ஊரில் 1912ஆம் ஆண்டில் நடக்கிறது. தம்மைப் பேராசிரியர் என்று சொல்லிக்கொள்ளும் ஹெரால்டு ஹில் ஊர் ஊராகச் சுற்றும் ஒரு விற்பனையாளர். சிறுவர்களைக் கொண்டு பேண்டு வாத்தியக் குழு ஒன்றை அமைத்துத் தருவதாகப் பெற்றோரை நம்பவைத்து, வாத்தியங்களுக்கும் சீருடைகளுக்கும் பணம் வாங்கிக்கொண்டு, கற்பிக்க வேண்டிய நாள் வருமுன் ஊரை விட்டு நழுவிவிடுவதே அவர் தொழில். இசையில் அரிச்சுவடியும் அறியாத அவர், பயிற்சியைத் தள்ளிப்போடுவதற்காக 'நினைக்கும் முறை' என்ற ஒன்றைப் புனைகிறார்; மெட்டை இடைவிடாது மனத்தில் நினைத்துக்கொண்டிருந்தால் வாசிப்பு தானே வந்துவிடும் என்பது அந்தப் போதனையின் சாரம். இறுதிக் காட்சியில் அகப்பட்டுக்கொண்ட அவர் கோலைக் கையில் பிடித்துச் சிறுவர்கள் முன் நிறுத்தப்படும்போது, எழும் ஓசை இசை என்று சொல்லத்தக்கதன்று. ஆயினும் தத்தம் பிள்ளையின் பெயரைக் கூவி மகிழும் பெற்றோரின் ஆரவாரத்தில் அவருடைய குற்றம் கரைந்துபோகிறது.

பிராட்வே நாடகமாக 1957 டிசம்பரில் அரங்கேறி 1,375 முறை நிகழ்த்தப்பட்ட பின்னரே இக்கதை படமாயிற்று. நாடகத்தை இயக்கிய மார்ட்டன் டகாஸ்டாவே படத்தையும் இயக்கினார். ராபர்ட் பிரஸ்டனே இரண்டிலும் ஹில்லாக நடித்தார். படத்திற்கு இசைத் தழுவலுக்கான ஆஸ்கர் விருதும் கிடைத்தது. காட்சிகள் மேடையைவிட்டு இறங்கவில்லை என்ற குறையைத் திரைக்கலை நோக்கில் பார்ப்பவர்கள் அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். பிரஸ்டனின் வேகத்திலும் பேச்சே பாட்டாக உருளும் விற்பனையாளர் காட்சியிலும் மனம் பறிகொடுத்த குடும்பப் பார்வையாளர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. இவ்விரு தரப்பிற்கும் அப்பால் மூன்றாவது வகைக் கருத்து ஒன்று உண்டு: குழந்தைகளுக்குக் காட்டும் படத்தில், கற்பிக்காமலேயே பணம் பெற்ற ஒருவன் எவ்விதத் தண்டனையுமின்றிக் கொண்டாடப்படுவது சரியா என்னும் மனத்தாங்கல் அது. இக்கேள்விக்குக் கதைக்குள் விடை தேடுவதைவிட, கதை எந்த வரலாற்றிலிருந்து எழுந்ததோ அந்த வரலாற்றில் தேடுவதே பயன் தரும். பேண்டு வாத்தியத்தை விற்றவரும் அதைக் கற்பித்தவரும் அமெரிக்காவில் நெடுங்காலம் கைகோத்தே நடந்தார்கள் என்பதை மறந்துவிட்டால், ஹில் வெறும் ஏமாற்றுக்காரராக மட்டுமே தெரிவார்.

நாடகத்தின் வசனமும் பாடல்களும் மெரடித் வில்சன் எழுதியவை. 1902இல் அயோவாவின் மேசன் சிட்டியில் பிறந்து, புல்லாங்குழல் கற்று, 1921 முதல் 1923 வரை ஜான் பிலிப் சூசாவின் குழுவில் வாசித்தவர் அவர். கடற்படைத் தரைவீரர்களின் பேண்டை 1880 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் நடத்திவிட்டு, 1892இல் சொந்தக் குழு அமைத்து நாடெங்கும் சுற்றிய சூசா, அணிநடை இசையின் பேராசானாக மதிக்கப்பட்டவர். ஆகவே வில்சன் படைத்த ஊர் கற்பனையானாலும், அந்த ஊரார் பேண்டுக்காக ஏங்கிய ஏக்கம் அவர் தம் பிள்ளைப் பருவத்தில் கண்ணால் கண்டதாகும்.

அந்த ஏக்கத்தின் வேர் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இருக்கிறது. படைப்பிரிவுகளோடு சென்ற பித்தளை வாத்தியக்காரர்கள் போர் முடிந்து ஊர் திரும்பியபோது வாத்தியப் பழக்கத்தையும் உடன் கொண்டுவந்தார்கள். நூற்றாண்டின் இறுதிக்குள் ஆயிரக்கணக்கான சிற்றூர்களில் கடைக்காரர், கொல்லர், எழுத்தர் முதலியோர் மாலை வேளைகளில் கூடி வாசிக்கும் ஊர் பேண்டுகள் அமைந்துவிட்டன. பூங்காவின் நடுவே எண்கோண மேடை ஒன்று எழுந்து, கோடைக்காலத்தில் அங்கே கச்சேரி நடப்பது ஓர் ஊர் தலைநிமிர்ந்து நிற்பதற்கான அடையாளமாயிற்று. பேண்டு இல்லாத ஊரின் வெட்கத்தைத்தான் ஹில் போன்றவர்கள் தம் முதலீடாகக் கொண்டார்கள்.

இத்தனை குழுக்களுக்கும் வாத்தியங்களைச் செய்து கொடுத்த தொழிலின் தலைநகரம் இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் என்னும் சிற்றூர். அங்கே மளிகையும் ரொட்டியும் விற்றுவந்த சார்லஸ் ஜெரார்டு கான் என்னும் முன்னாள் போர்வீரர், ஒரு கைகலப்பில் உதடு காயப்பட்டதால் கார்னெட் என்னும் சிறிய ஊதுவாத்தியத்தை வாசிக்க முடியாமற்போக, விளிம்பில் ரப்பர் பதித்த வாய்க்குமிழ் ஒன்றைத் தமக்கெனச் செய்துகொண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1875இல் அதற்குக் காப்புரிமை பெற்ற அவர், சில ஆண்டுகளுக்குள் பித்தளை வாத்தியங்களைப் பெருமளவில் செய்யும் ஆலையை நிறுவினார். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். அவரிடம் வேலை கற்ற பியூஷர் போன்றோர் தனி ஆலைகள் தொடங்கவே, எல்கார்ட் முழுவதுமே வாத்தியம் செய்யும் ஊராயிற்று. விலைப்பட்டியலை அஞ்சலில் அனுப்பி விற்பதும், ஊர் பேண்டின் தலைவரையே முகவராக்கி விற்பதும் அக்காலத்து வழக்கம். புதிய மாணவர் ஒருவர் சேர்ந்தால் புதிய வாத்தியம் ஒன்று விலைபோகும் என்ற கணக்கில், கற்பிப்பவருடைய ஊதியமும் விற்பவருடைய இலாபமும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன.

இப்பின்னல் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டன் நகரப் பள்ளி ஒன்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய வயலின் வகுப்புகளுக்குப் பின்னால் மர்டாக் என்ற வாத்திய வணிக நிறுவனம் இருந்தது. தவணை முறையில் வயலினைக் கொடுத்து, குறைந்த கட்டணத்தில் பல பிள்ளைகளுக்கு ஒருசேரப் பாடம் சொல்ல அது ஏற்பாடு செய்தது. ஓர் ஆசிரியர் ஒரு மாணவருக்கே வாத்தியம் கற்பிக்க இயலும் என்ற எண்ணம் அதனால் உடைந்தது. பாஸ்டனைச் சேர்ந்த ஆசிரியர் ஆல்பர்ட் மிட்செல் அம்முறையை நேரில் பார்த்துவிட்டு வந்து தம் நகரப் பள்ளிகளில் பின்பற்றினார். கூட்டு வகுப்பு என்னும் கருத்து வணிகத்தின் தோளில் ஏறியே வந்தது என்று சொல்வதில் மிகையில்லை.

ஊர் பேண்டுகள் 1910களில் தளரத் தொடங்கின. மோட்டார் வண்டியும் இசைத்தட்டும், சற்றுப் பின்னர் வானொலியும் மாலைப் பொழுதுகளைப் பங்குபோட்டுக்கொண்டன. இயந்திர இசை பெருகினால் வீடுகளில் வாசிக்கும் பழக்கம் அழியும் என்று சூசா 1906இலேயே கட்டுரை எழுதி எச்சரித்திருந்தார். அயோவாவில் ஜார்ஜ் லாண்டர்ஸ் என்ற பேண்டு தலைவரின் முயற்சியால் 1921இல் நிறைவேறிய பேண்டு சட்டம், ஊரார் வாக்களித்து ஒப்பினால் பேண்டுக்கெனத் தனி வரி விதிக்கலாம் என்று வழிசெய்தது. பிற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. ஹில்லைப் போன்ற ஒருவரிடம் பணத்தைத் தொலைக்கவேண்டிய நிலையிலிருந்து ஊர்களை மீட்ட சட்டம் என்று இதைக் கருதலாம்.

ஆலை முதலாளிகள் வரியை மட்டும் நம்பியிருக்கவில்லை. கானின் நிறுவனத்தை 1915இல் வாங்கிய கார்ல் கிரீன்லீஃப், எதிர்காலச் சந்தை பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறது என்று கண்டார். வாத்திய உற்பத்தியாளர்களின் பொருளுதவியால் 1923இல் சிகாகோவில் முதல் தேசியப் பள்ளி பேண்டு போட்டி நடந்தது. ஒஹாயோவின் ஃபோஸ்டோரியா பள்ளி வென்றது. போட்டியின் பொறுப்பு விரைவில் இசை ஆசிரியர் சங்கத்தின் கைக்கு மாறியது. 1926 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் இல்லினாயின் ஜோலியட் உயர்நிலைப் பள்ளி வெற்றி பெற்றது. வெவ்வேறு வாத்தியங்களைப் பிடித்திருக்கும் தொடக்கநிலை மாணவர்களை ஒரே வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தும் பாடநூல்களும் அதே காலத்தில் வெளிவந்தன. 1927க்குப் பின் பேசும் படம் வந்ததும், மௌனப் படங்களுக்கு அரங்கில் வாசித்துப் பிழைத்த கலைஞர்கள் பலர் வேலையிழந்து, பள்ளி பேண்டு ஆசிரியர்களாயினர். ஹில்லுக்கு இல்லாத ஒன்று, அதாவது கைவசமான வாசிப்பு, இவர்களிடம் நிறையவே இருந்தது.

படம் காட்டும் இன்னொரு ஆசிரியரைப் பார்வையாளர்கள் போதிய அளவு கவனிப்பதில்லை. ஷர்லி ஜோன்ஸ் நடித்த மேரியன், ஊர் நூலகர் மட்டுமல்லர். வீட்டில் பிள்ளைகளுக்குப் பியானோ கற்பிப்பவர். கதாநாயகியின் முதற்பாட்டே பியானோப் பாடத்தின் ஏறு இறங்கு வரிசைகளின் மேல் கட்டப்பட்டது. கேரி நகரத்து இசைக் கல்லூரியில் 1905இல் பட்டம் பெற்றதாக ஹில் சொல்லும் பொய்யை, அந்த நகரமே 1906இல்தான் எழுந்தது என்ற குறிப்பைக் கண்டு பிடிப்பவரும் அவரே. தம் தம்பி வாய் திறந்து பேசத் தொடங்கியதைப் பார்த்து அக்குறிப்பு உள்ள பக்கத்தைக் கிழித்துவிடுபவரும் அவரே. பள்ளி இசைக் கல்வியின் பெரும் பங்கு அக்காலத்தில் மேரியனைப் போன்ற பெண்களால்தான் நடந்தது. கதை நடப்பதாகச் சொல்லப்படும் ஆண்டுக்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 1907 ஏப்ரலில், அதே அயோவா மாநிலத்தின் கியோகுக் நகரில் பள்ளி இசை மேற்பார்வையாளர்கள் கூடித் தேசியச் சங்கத்துக்கு அடிகோலினார்கள். அக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் பிரான்செஸ் எலியட் கிளார்க் என்னும் ஆசிரியை. 1911இல் விக்டர் இசைத்தட்டு நிறுவனத்தின் கல்விப் பிரிவை ஏற்ற அவர், சூசா அஞ்சிய அதே இயந்திரத்தைப் பள்ளிக்குள் கேட்புப் பயிற்சிக்காகக் கொண்டுவந்தார். வணிகமும் கல்வியும் ஒருவரிடமே இசைந்து நிற்க முடியும் என்பதற்கு ஹில்லைவிட இவரே நேர்மையான சான்று. இப்படி ஓர் ஆசிரியையைப் பற்றி ஒரு குடும்பப் படம் வந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!

இறுதிக் காட்சிக்குத் திரும்பினால், பார்வையாளர்களின் மனத்தாங்கலுக்கான விடை ஓரளவு புலப்படுகிறது. அங்கே வெல்வது நினைக்கும் முறையன்று. கையில் வாத்தியம் வந்த பிள்ளைகளும் கேட்பதற்குத் தயாராக இருந்த பெற்றோரும்தான். பள்ளி பேண்டு என்னும் அமைப்பு நிலைத்ததற்கும் அதே காரணம் உண்டு: பிசிறடிக்கும் முதல் ஆண்டுக் கச்சேரிக்கும் வந்து அமர்ந்து கைதட்டிய தாய் தந்தையரே மறு ஆண்டு புதிய கிளாரினெட்டுக்குப் பணம் கட்டினார்கள். அச்சிறுவர்கள் சட்டென்று செஞ்சீருடை அணிந்த பேரணியாக மாறுவதைப் படம் கனவு போலக் காட்டுகிறது; வரலாற்றில் அதற்கு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளும், ஒரு வரிச் சட்டமும், கணக்கற்ற ஆசிரியர்களின் மாலை நேரங்களும் தேவைப்பட்டன. இன்றைய பார்வையாளர்கள் எழுப்பும் வேறு சில குறைகள், குறிப்பாக ஊர்ப் பெண்கள் பூர்வகுடியினரைப் போல வேடமிடும் காட்சியைப் பற்றியதும், ஹில்லின் குழுவில் சிறுமிகளுக்கு இடமில்லை என்பதும், மறுக்கத்தக்கவையல்ல.

போலி ஆசிரியர் கதை 2003இல் 'ஸ்கூல் ஆஃப் ராக்' என்ற படத்தில் மீண்டும் வந்தது. ரிச்சர்டு லிங்க்லேட்டர் இயக்கிய அதில் ஜாக் பிளாக் நடித்த டூவி ஃபின், நண்பரின் பெயரில் ஒரு தனியார் பள்ளிக்குள் மாற்று ஆசிரியராக நுழைந்து, மாணவர்களைக் கொண்டு ராக் குழு அமைக்கிறார். ஹில்லைப் போலன்றி அவருக்கு வாசிக்கத் தெரியும். விற்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. அப்படத்தை விரும்பும் பெற்றோர் பலரும், கண்டிப்பான பள்ளியில் மூச்சுத் திணறிய பிள்ளைகளை அவர் விடுவித்தார் என்றே புகழ்கிறார்கள். ஆனால் டூவி தம் மாணவர்களின் திறமையை முதன்முதலில் கண்டுகொள்வதே அவர்கள் வழக்கமான இசை வகுப்பில் செவ்வியல் இசை வாசிப்பதைக் கதவோரத்தில் நின்று கேட்டபோதுதான். கிட்டாரும் பியானோவும் செல்லோவும் அவர்கள் கைக்கு ஏற்கெனவே பழகியிருந்தன. குழுவாக வாசிக்கும் சிறுவர்களாக நடித்தவர்களும் உண்மையாகவே வாசிக்கத் தெரிந்தவர்கள். அந்த வகுப்பை நடத்திய பள்ளி இசை ஆசிரியருக்குத் திரையில் கிடைத்த நேரம் மிகக் குறைவு. டூவியைப் பாராட்டும் கருத்துகளில் அவருக்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படுவது அரிது.