திமிங்கிலம் மீனா?

1818ஆம் ஆண்டு நியூயோர்க் நகர நீதிமன்றத்தில் விசித்திரமான வழக்கொன்று விசாரிக்கப்பட்டது. மீனெண்ணெய்ப் பீப்பாய்களைப் பரிசோதகரிடம் காட்டி, அதற்குரிய கட்டணத்தைச் செலுத்தவேண்டும் என்பது அம்மாநிலத்துச் சட்டம். சாமுவேல் ஜட் என்னும் வணிகர் அதற்கு மறுத்தார். தம்மிடம் இருப்பது திமிங்கில எண்ணெய் என்றும், திமிங்கிலம் மீனன்று என்றும் அவர் வாதாடினார். சாமுவேல் மிச்சில் என்னும் இயற்கை அறிஞர் அவருக்காகச் சாட்சி கூறினார். ஆயினும் யூரிமார் பரிசோதகரின் பக்கமே தீர்ப்பளித்தனர்.

மிச்சில் கூறியது புதுமையன்று. திமிங்கிலம் நுரையீரலாற் சுவாசித்துக் குட்டியீன்று பாலூட்டுவதைப் பண்டைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டிலே கண்டறிந்திருந்தார். 1758ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு லின்னேயசு அதனை முலையூட்டிகளின் வகுப்பிற் சேர்த்தார்.

ஆனால், முலையூட்டிகளுள் அதற்கு நெருங்கிய உறவு எது? 1859ஆம் ஆண்டு சாள்ஸ் டார்வின், உயிர்களின் உண்மையான பாகுபாடு அவற்றின் வமிச வழியைக் காட்டுவதாகும் என நிறுவினார். ஒப்புமை இருவகைப்படும். திமிங்கிலமும் சுறாவும் வடிவத்தால் ஒத்திருப்பது கடல்வாழ்வு தந்த ஒப்புமை. திமிங்கிலத்தின் துடுப்பினுள்ளே மனிதனின் கையிலுள்ளவை போன்ற எலும்புகள் இருப்பதோ மூதாதையர் வழி வந்த ஒப்புமை. உறவை உரைப்பது பின்னதே.

இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. பற்களின் ஒப்புமையை நம்பிய ஆய்வாளர் பலர், அழிந்துபோன குளம்புடைய ஊனுண்ணிகளின் கூட்டமொன்றையே திமிங்கிலத்தின் மூதாதையராகக் கொண்டிருந்தனர். 1990களில் மரபணு ஆய்வுகள் வேறு விடை கூறின. இன்று உயிர்வாழும் விலங்குகளுள் திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய உறவு நீர்யானையே என்றன. எலும்புகளை ஆராய்ந்தோர் இதனை உடனே ஏற்கவில்லை.

2001ஆம் ஆண்டு பாகிஸ்தானிற் கிடைத்த உயிர்ச்சுவடுகள் வெளியிடப்பட்டன. அவற்றுட் சில ஏறத்தாழ 4 கோடியே 70 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை. கால்களுடைய அப்பண்டைத் திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்பு இரு முனையிலும் கப்பி போல் அமைந்திருந்தது. மாடு, மான், பன்றி, நீர்யானை முதலிய இரட்டைக் குளம்பு விலங்குகளுக்கே உரிய அடையாளம் அது. பற்களின் சான்றை ஆதரித்தவருள் ஒருவரான பிலிப் கிஞ்சரிச், தாம் கண்டெடுத்த எலும்புகளைக் கண்டே தம் பழைய கருத்தைக் கைவிட்டார்.

நீர்யானையிலிருந்து திமிங்கிலம் தோன்றிற்று என்பது இதன் பொருளன்று. இரண்டும் ஒரு மூதாதையின் வழியிற் பிரிந்த இரு கிளைகள். நியூயோர்க் வழக்கு ஒரு தீர்ப்போடு முடிந்தது. அறிவியலின் வழக்கோ, புதிய சாட்சி வருந்தோறும் மீண்டும் விசாரணைக்கு எடுக்கப்படுகிறது.