இரத்மலானை வானூர்தி நிலையமும் வடபுலப் பயணமும்

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், தெகிவளையையும் கல்கிசையையும் கடந்து இரத்மலானையை அடைவர். அங்குள்ள வானூர்தி நிலையத்தின் வரலாற்றைப் பொறிகளின் வரலாறாக மட்டும் நோக்குதல் போதாது. அதனை யார், எந்நிலையில், எதன்பொருட்டுப் பயன்படுத்தினர் என்பதே சமூக வரலாற்றாய்வில் நாம் எழுப்பவேண்டிய வினாவாகும்.

நிலையத்தை அமைக்க அரசாங்க சபை 1934இல் தீர்மானித்தது. 1935 நவம்பர் 27இல் சென்னைப் பறப்புக் கழகத்தின் பயிற்றுநர் செலுத்திவந்த சிறு விமானம் அங்கு முதன்முதலாகத் தரையிறங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது பிரித்தானிய விமானப்படைத் தளமாயிற்று. பின்னர், சுதந்திரத்துக்கு ஏறத்தாழ இரு மாதங்களே இருக்கையில், 1947 டிசம்பர் 10இல், எயர் சிலோனின் 'சீதாதேவி' என்னும் டக்கோட்டா விமானம் இங்கிருந்து புறப்பட்டது. அது சென்ற வழி காங்கேசன்துறையை அடுத்த பலாலி. சேர்ந்த இடம் சென்னை. ஆக, நாட்டின் முதல் விமானசேவை கொழும்பு, யாழ்ப்பாணம், தமிழகம் ஆகிய மூன்றையும் ஒரே கோட்டில் இணைத்தது என்பது கருதத்தக்கது.

1960களின் பிற்பகுதியில் பன்னாட்டுச் சேவைகள் கட்டுநாயக்காவுக்கு மாறின. பலாலிப் பயணம் இங்கேயே எஞ்சியது. ஆயின் நாட்டின் இனமுரண்பாடு அப்பாதையையும் விட்டுவைக்கவில்லை. 1978 செப்டெம்பர் 7இல், புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அன்றே, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்ற அவ்ரோ விமானம் இங்கு குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. 1983 ஜூலை வன்செயலின்போது வீடிழந்த கொழும்புத் தமிழர் ஆயிரக்கணக்கில் இந்நிலையத்தின் விமானக் கொட்டகையிற் தஞ்சம் புகுந்தனர். பறப்பதற்கு அமைந்த இடம் ஏதிலிகள் முகாமாகியது. அவர்களுட் பலர் வடக்கே சென்றதோ கப்பலில். 1998 செப்டெம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர்.

இன்று பறப்புப் பயிற்சி, தனியார் விமானங்கள், விமானப்படைத் தளம், அதன் அருங்காட்சியகம் எனப் பல பணிகளை அந்நிலையம் ஆற்றுகின்றது. 2022 மார்ச்சில் மாலைதீவிலிருந்து வந்த விமானத்துடன் பன்னாட்டுச் சேவைக்கும் மீண்டும் திறக்கப்பட்டது. பழைய விமானங்களைக் காக்க அருங்காட்சியகம் உண்டு. கொட்டகையில் இரவுகளைக் கழித்த மக்களின் அனுபவமோ பெரிதும் அவர்தம் நினைவிலேயே தங்கியுள்ளது. அன்று சிறுவராயிருந்தோரும் இன்று முதுமையை எய்துகின்றனர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புலம்பெயர் நாடுகளிலும் வாழும் அவர்களின் வாய்மொழிச் சான்றுகளைக் காலந் தாழ்த்தாது திரட்டுதல் நமது கடனாகும்.