மூழ்கிய கப்பல், மூழ்காத மனம்

மனிதனுக்குப் பசியை விடக் கொடியது எது? செய்வதற்கு ஒன்றுமில்லாத நாள்தான். இதற்குத் தென்துருவப் பயண வரலாற்றில் இரண்டு சாட்சிகள் உண்டு.

1898-இல் பெல்ஜிகா என்ற கப்பல் அண்டார்க்டிகா பனியில் சிக்கியது. நீண்ட இருளிலும் சலிப்பிலும் நோயிலும் சிலருக்குப் புத்தி பேதலித்தது.

1915 ஜனவரியில் எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பலுக்கும் அதே கதி. கப்பலில் 28 பேர். மே மாதம் மறைந்த சூரியன் இரண்டு மாதங்களுக்கு மேல் தலைகாட்டவில்லை. ஆனால் ஷாக்கிள்டன் நாளைக் கட்டுக்கோப்பாக வைத்திருந்தார். சாப்பாட்டுக்கு நேரம், இரவுக் காவலுக்கு முறை, நாய்களுக்குப் பயிற்சி, பனிமீது கால்பந்து, மாலையில் பாட்டு. விஞ்ஞானியானாலும் மாலுமியானாலும் எல்லோருக்கும் வேலை உண்டு. நவம்பரில் கப்பல் மூழ்கியது. சொந்தப் பொருட்களையெல்லாம் குறைக்கச் சொன்னவர், ஹஸ்ஸியின் பாஞ்சோ வாத்தியத்தை மட்டும் விடவில்லை. அது மனதுக்கு மருந்தாம்!

1916 ஏப்ரலில் எலிஃபண்ட் தீவை அடைந்தனர். ஷாக்கிள்டன் ஐவருடன் சிறு படகில் உதவி தேடிப் போனார். மீதி 22 பேர் கவிழ்த்த படகுகளுக்கு அடியில் நான்கு மாதம் காத்திருந்தனர். பொறுப்பிலிருந்த ஃபிராங்க் வைல்டு தினமும் காலையில் படுக்கையைச் சுருட்டச் சொல்வார். காரணம், தலைவர் இன்றே வந்துவிடலாம்!

ஆகஸ்ட் 30 அன்று தலைவர் வந்தார். 22 பேரும் உயிருடன் இருந்தார்கள்.

அவர்களைக் காப்பாற்றியது சீல் இறைச்சியும் அதிர்ஷ்டமும்தான் என்று சொல்லலாம். ஆனால் மனம் உடையாமல் அந்த நாள் வரை கொண்டு சேர்த்ததில், தினமும் சுருட்டிய அந்தப் படுக்கைக்கும் பங்கு உண்டு.