பிரிக்பீல்ட்ஸ்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூரின் மையத்தில் கே.எல். சென்ட்ரல் நிலையத்தை ஒட்டி அமைந்த, மரபுநடைக்கு ஏற்ற பழைய குடியிருப்புப் பகுதி. 1881இல் தீயும் வெள்ளமும் நகரை அழித்தபின், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் எழுப்புமாறு பிரிட்டிஷ் நிர்வாகம் பணித்தது. அதற்கான சூளைகள் இங்கு இயங்கியதால் இப்பெயர் அமைந்தது. 1886இல் கிள்ளான் பக்கம் தொடங்கிய இருப்புப்பாதை, தமிழகத் தொழிலாளரையும் யாழ்ப்பாணத்து எழுத்தர்களையும் இங்குக் குடியமர்த்தியது.

ஈழத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோயில், 1894இல் சிங்களவர் நிறுவிய பௌத்த மகா விகாரை, 1904இல் தோன்றிய விவேகானந்தா ஆசிரமம் ஆகியவை நடந்தே காணத்தக்கவை. ஆசிரம வளாகத்தில் உயர்மாடிக் கட்டடம் எழுப்பும் திட்டம் 2014இல் எதிர்ப்புக்குள்ளானது. 2016இல் ஆசிரமம் தேசிய மரபுச் சின்னமானது. இங்கிருந்த நூறு வீட்டு ரயில்வே குடியிருப்புக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை, அது இடிக்கப்பட்டது. பழைய ரயில்வே வளாகத்தின்மீதே 2001இல் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டது. 2010இல் மலேசிய, இந்தியப் பிரதமர்கள் தொடக்கிவைத்த ‘லிட்டில் இந்தியா’ பகுதியின் அலங்கார வளைவுகள், பார்வைக்குப் பழமையானவையாகத் தோன்றினும் மரபுக் கட்டடங்கள் அல்ல.